மூடியின் ஓரம்

அந்தக் கோடு துடைத்தும் போகவில்லை.

அருணா துணியை எண்ணெயில் நனைத்து இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள். லாரியின் முன்சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற இரும்புத் துண்டு அது. ஒன்பது வருடமாக இதே இருட்டறைக்குள், இதே கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்று, ஷிப்டுக்கு இருநூறு நக்கிளில் விரிசல் தேடுவதுதான் அவள் பிழைப்பு. இரும்பைக் காந்தமாக்க வேண்டும். பச்சைப் பொடி கலந்த, மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் எண்ணெயை மேலே ஊற்ற வேண்டும். ஊதா விளக்கைப் பிடித்தால், விரிசல் உள்ள இடத்தில் காந்தம் வெளியே கசிந்து பொடியை இழுத்து வைத்திருப்பது தலைமுடி அளவுக்குப் பச்சையாக ஒளிரும். சந்தேகம் வந்தால் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றிப் பார்ப்பது வழக்கம். அழுக்கென்றால் திரும்ப வராது, விரிசலென்றால் வந்து நிற்கும். இந்தக் கோடோ, துணி அதன்மேல் இருக்கும்போதே துணிக்கு அடியிலிருந்து தெரிந்தது.

கண்ணில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தாள். கண்ணில் இருந்தால் கண் போகிற பக்கம் கோடும் போக வேண்டும். பார்வையைத் திரையின் பக்கம் திருப்பினாள், கோடு கூட வரவில்லை. இரும்பின் கழுத்தில், வைத்த இடத்திலேயே இருந்தது. இடக்கண்ணை மூடினாள், இருந்தது. வலக்கண்ணை மூடினாள், இல்லை.

அன்று பதினான்கு நக்கிள்களில் சிவப்பு பெயிண்ட் வைத்துத் தனியே ஒதுக்கினாள். மதியம் சூப்பர்வைசர் தமிழரசன் திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அருணாம்மா, பதினாலு பீஸ் செவப்பு வெச்சிருக்க. நானே உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தன். ஒண்ணுத்துலயும் ஒண்ணும் இல்ல. கண்ணு இன்னும் செட்டாவல போல. டாக்டர்கிட்ட காட்டிட்டு வா."

அவள் சரியென்று தலையாட்டினாள். தன்மேல்தான் தப்பு என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

கண்ணில் லேசர் போட்டு இருபத்தேழு நாள் ஆகியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியில் கண் டெஸ்ட் வைப்பார்கள். ஒரு முழம் தள்ளிப் பிடித்த அட்டையில் கடுகு கடுகாக இருக்கும் எழுத்தைப் படிக்க வேண்டும், படிக்காவிட்டால் இருட்டறையிலிருந்து பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். கண்ணாடி போட்டால் எண்ணெய்ப் புகை அதில் படிந்து பாதி நேரம் துடைப்பதிலேயே போய்விடும். அதனால்தான் லேசருக்குத் துணிந்தாள். போட்டதும் உலகம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. கண்ணைக் கசக்கவே கூடாது, தூசிப் பக்கம் போகக்கூடாது, மூன்று வாரம் ரெஸ்ட் என்றார்கள். எட்டாம் நாள் ஆடிட் வந்தது. வெளியூரிலிருந்து வருகிற ஆட்கள் முன்னால் இருட்டறையில் அவள் நிற்காவிட்டால் வேறொருத்தி நிற்பாள் என்று பயந்து போனாள். பதினோரு மணிக்கு வலக்கண்ணில் ஏதோ உறுத்தியது. பொடியும் எண்ணெயுமாக இருந்த கையுறையின் முதுகால், ஒன்பது வருடப் பழக்கத்தில், நன்றாக ஒரு தேய் தேய்த்தாள். கண்ணுக்குள் எதுவோ வழுக்கினாற்போல் இருந்தது. அதை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

கண் மருத்துவமனையில் டாக்டர் ரூபா ஒரு ஆரஞ்சு நிறத் தாள்துண்டை நனைத்து அவள் கண்ணோரம் தொட்டார். அறை விளக்கை அணைத்தார். நீல வெளிச்சம் கண்ணுக்கு நேரே வந்து நின்றது.

"இது எதுக்கு மேடம்?"

"கருவிழில எங்க கீறல் இருந்தாலும் இந்தச் சாயம் அங்க போய் நிக்கும். பச்சையா தெரியும்."

தன் வேலையைத் தன்மேலேயே வேறொருத்தி செய்கிறாள். தாடையை அந்தத் தாங்கியில் வைத்துக்கொண்டு, நகரவும் முடியாமல், ஒரு நக்கிள்போல அவள் உட்கார்ந்திருந்தாள்.

ரூபா வெகு நேரம் பார்த்தார். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு, ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு விளக்கினார். லேசர் அடிக்கும் முன் கருவிழியின் மேல்பக்கத்தை மெல்லிசாக ஒரு மூடிபோல அறுத்துத் திறப்பார்கள். முழுக்க அறுப்பதில்லை, ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் திருப்பி வைத்தால் தானாகப் படிந்துகொள்ளும். தையல் கிடையாது.

"உங்களுக்கு ஓரத்துல கொஞ்சம் விலகியிருக்கு. கசக்கினீங்களா?"

"இல்ல மேடம்."

"அந்தச் சந்துல மேல்தோல் செல்லுங்க உள்ள பூந்துடுச்சு. அங்க அதுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் வளரும். சொட்டு மருந்து தர்றேன், மணிக்கு ஒரு தடவ. ஒரு வாரம் பாப்போம். நிக்கலேன்னா மூடியத் தூக்கி, உள்ள சுரண்டிக் கழுவி, திருப்பி வெச்சுடலாம். அதுவரைக்கும் வெளிச்சம் வேணாம், இருட்டுலயே இருங்க."

இருட்டில் இருப்பது அவளுக்குப் புதிதா என்ன?

வீடு சிப்காட்டுக்குப் பின்புறம், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட ஆறு வீடுகளில் ஐந்தாவது. முன்னால் ஒரு அறை, பின்னால் சமையலறை, அதற்குப் பின்னால் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. அவள் கணவன் திருமலை ஜன்னலில் கம்பளியை ஆணியடித்துக் கட்டினான். முன்கதவின் அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தான். மே மாதத்து வெயில் ஓட்டின்மேல் நின்றுகொண்டிருக்க, உள்ளே நடுப்பகலும் இருட்டாகவே கிடந்தது. சுவருக்கு அப்பால் ஏதோ பட்டறையின் சம்மட்டி ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருக்கும், ஒவ்வொரு அடிக்கும் தரை லேசாக அதிரும், அடுக்கில் தட்டு ஒன்று கிணுங்கும், பெங்களூர் பக்கம் போகும் ரயில் வந்தால் மட்டும் அந்தத் தாளம் சற்று மறைந்து, ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி கேட்கும். திருமலைக்குக் காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஷிப்ட். மகள் ஹரிணிக்கு ஆறு வயது, பள்ளி லீவு. பகல் முழுக்க அம்மாவும் மகளும் அந்த இருட்டுக்குள் இருந்தார்கள்.

சொட்டு மருந்து விட, அதே வரிசையில் குடியிருந்த வீட்டுக்காரி சாந்தம்மா வருவாள். "ஏம்மா, நொப்பியா இருக்குதா?" என்று பாதித் தெலுங்கில் வலியை விசாரித்துக்கொண்டே இமையை இரண்டு விரலால் பிரிப்பாள். கையில் எப்போதும் பூ வாசனை. மூன்றாம் நாள் அவள் கை முகத்துக்கு அருகே வந்தபோது அருணா அந்தக் கோட்டைப் பார்த்தாள். மணிக்கட்டில் தொடங்கி, முழங்கை வரை, தலைமுடி அளவுக்குப் பச்சையாக. ஊதா விளக்கு இல்லை. பொடி இல்லை. வெறும் இருட்டு.

"அக்கா, கையில என்னா?"

"எங்க? ஒண்ணும் இல்லயே."

அருணா தன் முந்தானையால் அதைத் துடைத்தாள். துணிக்கு அடியிலிருந்து தெரிந்தது. சாந்தம்மா சிரித்துவிட்டு, மருந்தை விட்டுவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் தமிழரசன் போன் செய்தார். அவர் குரல் வழக்கம்போல் இல்லை.

"அருணாம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தப் பதினாலு பீஸ். நான் ஓகே பண்ணி அனுப்பிட்டன் இல்ல? அங்க லாரி கம்பெனி டெஸ்ட்ல ஒண்ணு ஒடஞ்சிருக்குது. மிச்சத்த அறுத்துப் பாத்திருக்கறாங்க. பதினாலுலயும் உள்ளுக்குள்ள விரிசல். மேல வரவே இல்ல, ரொம்ப ஆழத்துல. நம்ம மெஷின் அவ்வளவு தூரம் பாக்காதும்மா. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

போனை வைத்தபின்னும் காதில் சம்மட்டிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சாந்தம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். என்னவென்று சொல்வது? உங்கள் கையில் விரிசல் இருக்கிறது, சிவப்பு பெயிண்ட் வைக்கட்டுமா என்றா? மறுநாள் கோடு சாந்தம்மாவின் தோள் ஏறிக் கழுத்துக்கு வந்திருந்தது. அதற்கு மறுநாள் சாந்தம்மா வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தவள், கட்டிக்கொண்டே ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். மாரடைப்பு என்றார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷி என்று தெருவே சொன்னது. மேளச் சத்தத்தையும் ஊதுவத்திப் புகையையும் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டும் முகர்ந்துகொண்டும் இருந்தாள் அருணா. சொல்லியிருக்கலாம் என்ற நினைப்பு நெஞ்சை அரித்தது.

ஹரிணியிடம் அதைப் பார்த்தது அடுத்த நாள் காலையில்.

குழந்தை பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்த அவள் வாசனை. அருணா முகத்தை அருகே கொண்டுபோனாள். இடது காதுக்குக் கீழே, கடுகளவு பச்சை.

மருதாணிச் சாறாக இருக்கும். விளையாடும்போது எங்கேயாவது பூசிக்கொண்டிருக்கும். எச்சிலைத் தொட்டுத் துடைத்தாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். குழந்தை சிணுங்கியது. இடக்கண்ணை மூடிப் பார்த்தாள், வலக்கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு வேலைப் பையைத் தேடி, அதிலிருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, கோட்டின் வெளிச்சத்திலேயே அளந்தாள். நான்கு மில்லிமீட்டர். மத்தியானம் அளந்தபோது ஏழு. மறுநாள் காலை பதினொன்று.

அன்று மருத்துவமனையில் ரூபாவின் முகம் மாறியது.

"நிக்கல. கண்மணிப் பக்கம் வந்துக்கிட்டிருக்கு. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க, தூக்கிச் சுரண்டிடலாம். லேட் பண்ணினா மேல் மூடி கரைய ஆரம்பிச்சுடும். அப்புறம் பார்வ போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"சுரண்டிட்டா அந்தக் கோடு தெரியாதா மேடம்?"

"தெரியாது. அதுக்குத்தானே பண்றோம்."

வீடு திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் அந்த ஒரு வார்த்தையைத்தான் மென்றுகொண்டு வந்தாள். தெரியாது. கண்ணைச் சரிசெய்தால் கோடு தெரியாது. கோடு தெரியாவிட்டால் பாப்பாவின் கழுத்தில் அது எங்கே போகிறது, எவ்வளவு போகிறது, நின்றதா, வளர்ந்ததா, எதுவும் தெரியாது. சாந்தம்மாவைப்போல ஒரு நாள் விளையாடிக்கொண்டே சாய்ந்துவிடும். கண்ணைச் சரிசெய்யாவிட்டால் கண் கரைந்துவிடும். அப்போதும் தெரியாது. இரண்டு பக்கமும் சுவர். நடுவில் அவளும் ஹரிணியும்.

திருமலையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கசக்கியதைக்கூட. அவன் கோபப்படவில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பாப்பாவின் கழுத்தை டார்ச் அடித்துப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்ல அருணா. சத்தியமா ஒண்ணும் இல்ல. கண்ணு கெட்டிருக்குது, மருந்து வேற. சாந்தம்மாக்கா போனதுல பயந்துட்ட. நாளைக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சதும் வந்துடறன். போயி பண்ணிக்கலாம். பாப்பாவ நாட்றாம்பாளையத்துல அம்மாகிட்ட விட்டுர்றன், நாலு நாளு இருக்கட்டும்."

"பாப்பா என் கண்ண விட்டுப் போகக்கூடாது மாமா."

"சரி, சரி. தூங்கு."

அவள் தூங்கவில்லை. மூன்று நாளாகவே தூங்கவில்லை.

காலையில் அவன் போனதும் முன்கதவைத் தாழிட்டு, பூட்டும் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பின்கதவின் தாழ்ப்பாளையும் இழுத்துவிட்டாள். ஹரிணியைப் பாயில் படுக்க வைத்தாள். கோடு தாடையைத் தாண்டி மறு காதுப் பக்கம் திரும்பியிருந்தது. இரும்பென்றால் விரிசல் விட்டதை அசைக்கமாட்டார்கள். அசைத்தால் ஓடும்.

"ஆடாத கண்ணு. தலைய ஆட்டாத."

"அம்மா, வெளிய போலாமா?"

"வேணாம்."

"இருட்டா இருக்குதும்மா."

"அம்மா இருக்கறன் இல்ல?"

"அம்மா, நீ ஒரு கண்ண மூடிக்கினு பாக்காத. எனக்கு பயமா இருக்குது."

அருணா இடக்கண்ணைத் திறந்தாள், மறுபடி மூடினாள். மணிக்கொரு தடவை ஸ்கேலை வைத்தாள். குழந்தை முதலில் சிணுங்கியது, பிறகு அழுதது, பிறகு அழுவதையும் விட்டுவிட்டு அவள் கையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. ஒன்றுக்குப் போக வேண்டும் என்றபோது தலையைத் தன் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போய்க் கொண்டுவந்தாள். தட்டில் சோறு காய்ந்தது. சம்மட்டி விழுந்தது. தட்டு கிணுங்கியது. வலக்கண்ணுக்குள் யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல வலி தொடங்கி, நெற்றிக்குப் பரவி, பல்லுக்கு இறங்கியது. டாக்டர் கொடுத்த வலி மாத்திரையில் ஒன்றைப் போட்டாள். தாங்காமல் இன்னொன்றும் போட்டாள். பாப்பாவின் பக்கத்தில் படுத்து, அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கண்ணை ஒரு நிமிஷம் மூடலாம் என்று நினைத்தாள்.

விழித்தபோது சம்மட்டி நின்றிருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கை கைக்குள்ளேயே இருந்தது. அப்பாடா என்றிருந்தது. வாய் வறண்டிருந்தது, தலை கனத்தது, கம்பளி ஓரத்தில் கசிந்த வெளிச்சம் இடம் மாறி மஞ்சளாகியிருந்தது. சமையலறைப் பக்கமிருந்து சந்தின் சாக்கடை வாடையும் லேசான காற்றும் வந்தன. அங்கிருந்து ஏன் இன்று காற்று வருகிறது என்று அவள் யோசிக்கவில்லை. கையைத்தான் கவனித்தாள். கை குளிர்ந்திருந்தது.

"பாப்பா."

பதில் இல்லை. தூங்குகிறது.

குனிந்து முகர்ந்தாள். தேங்காயெண்ணெய் வாசனை இல்லை. மண்ணெண்ணெய். அதற்கு அடியில் நனைந்த இரும்பு. தன் கையில்தான் அந்த வாடை என்று முதலில் தோன்றியது. ஆனால் இருட்டறைக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது.

இடக்கண்ணை மூடினாள்.

கோடு முழுவதும் ஓடியிருந்தது. ஒரு காதிலிருந்து தாடைக்குக் கீழாகப் போய், மறு காதுக்கு ஏறி, இரண்டு பக்கமும் நெற்றி வரை வந்து நின்றிருந்தது. நெற்றியில் மட்டும் ஒரு இஞ்ச். அங்கே பச்சை இல்லை. அங்கே மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் காகிதத்தில் போட்ட வட்டம் அவளுக்கு நினைவு வந்தது. வேண்டாம் என்று நினைத்தாள். வேண்டாம், வேண்டாம்.

மூச்சு வந்தது. தாடையோரம் லேசாக எழும்பியது.

மூச்சு போனது. படிந்தது.

மறுபடி வந்தது. எழும்பியது. இம்முறை அடியில் வெளிச்சம் தெரிந்தது. பச்சை.

அருணா இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினாள். பலமாக அல்ல. குழந்தைக்கு வலிக்கக்கூடாது. படிந்தால் போதும். படிந்துவிட்டால் தானாக ஒட்டிக்கொள்ளும், தையல் கிடையாது என்று சொன்னார்களே. என் கண்ணு, என் தங்கம், ஆடாத, அம்மா பிடிச்சிருக்கறன். விரல்களுக்கு இடையே சில்லென்று ஏதோ கசிந்தது. அழுத்தினாள். அடியிலிருந்து அதுவும் அழுத்தியது.

மெதுவாக. பொறுமையாக. உள்ளே வேலையில்லாத ஒன்று வளர்வதுபோல.

"திருமலை மாமா," என்று கூப்பிட்டாள். குரல் வரவில்லை. கையை எடுத்தால் திறந்துகொள்ளும். எடுக்காவிட்டால் சாவியை எடுக்க முடியாது, கதவைத் திறக்க முடியாது, போனைத் தொட முடியாது. இடுப்பில் சாவி குத்தியது. கை எட்டும் தூரம். எட்டாது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியவில்லை. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. கசக்கவில்லை.

பின்பக்கம் செருப்புச் சத்தம். சமையலறைக் கதவு அகலத் திறக்க, வெயில் தரையில் ஒரு பட்டையாக விழுந்தது. அது அவள் இருந்த இடம் வரை வரவில்லை.

"அருணா, ஏந்துட்டியா? மணி மூணே முக்கால். கெளம்பணும்."

திருமலை. வெளிச்சத்துக்கு முன்னால் நின்றதால் அவன் முகம் தெரியவில்லை. அவன் இடுப்பில் ஏதோ இருந்தது.

"நல்லாத் தூங்கிட்டிருந்த. எழுப்ப மனசு வரல. வண்டிச் சத்தம் கேட்டு பாப்பாதான் பின்கதவத் தொறந்து உட்டுச்சு. காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னலயாம். பேக்கரிக்கு இட்டுக்கினு போயிட்டன். ரெண்டு பன்னு துன்னுச்சு."

அவன் இடுப்பிலிருந்தது கால்களை ஆட்டியது. கையில் கடித்த பன். வாயோரம் க்ரீம். வெயில் அந்தக் கழுத்தின் மேல் நன்றாக விழுந்திருந்தது. அருணா வலக்கண்ணால் பார்த்தாள். இடக்கண்ணால் பார்த்தாள். இரண்டு கண்ணாலும் பார்த்தாள். காதடியில் ஒன்றுமில்லை. தாடையில் ஒன்றுமில்லை. பச்சை எங்குமே இல்லை. சுத்தமான கழுத்து.

ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. என் பாப்பா. என் பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள்.

அவள் உள்ளங்கைகளுக்கு அடியிலும் ஒரு மூச்சு வந்தது.

"எதுக்கு போர்வைய அமுக்கிக்கினு உக்காந்திருக்கற?" திருமலை வெயிலிலிருந்து வந்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருட்டுக்குள் பார்த்தான். "கைய எடு. நேரமாவுது."

அவள் தலையை ஆட்டினாள். வராதே என்று சொல்ல வாயைத் திறந்தாள். பாப்பாவை வெளியே கொண்டு போ என்று சொல்ல வேண்டும். நாட்றாம்பாளையம், பெங்களூர், எங்கேயாவது. நாக்கு புரளவில்லை. அவன் ஹரிணியை இறக்கிவிட்டான். அருணாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட வந்தான்.

ஹரிணி வாசற்படியிலேயே நின்றாள். பன்னைக் கீழே போட்டாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை.

"அம்மா," என்றாள். "அது யாரு?"

திருமலையின் கை அருணாவின் மணிக்கட்டைப் பற்றியது. அவள் விடவில்லை. அவன் ஒவ்வொரு விரலாகப் பிரிக்கத் தொடங்கினான், அன்பாக, குழந்தையிடமிருந்து பொம்மையை வாங்குவதுபோல.

மிச்சமிருந்த விரல்களுக்கு அடியில், அந்த முகம் ஹரிணி நின்ற பக்கமாக மெல்லத் திரும்பியது.